எல்லாப் பரிசோதனையும் சரி, ஆனால் வயிறு வலிக்கிறது: இதற்கும் வளர்ப்புக்கும் தொடர்பு உண்டா?

வாசகர் கேள்வி: 7 ஜூலை 2024

எனக்கு 29 வயது. நான்கு ஆண்டுகளாக வயிற்றுவலியும் தலைவலியும் மாறி மாறி வருகின்றன. வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அண்மையில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்தேன். எனக்கு இருப்பது 'பதற்றப் பிணைப்பு' என்றும், நான் பிறரைவிடக் கூருணர்வு மிக்கவள் என்றும், உடல் நோவுக்கு இவைதான் காரணம் என்றும் அவர் சொன்னார். என் அம்மா என்னை வளர்த்த விதம் இன்று என் வயிற்றை வலிக்க வைக்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒரு வாசகியின் பதில்கள்: 8 ஜூலை 2024, காலை

எனக்கு 43 வயது. என் வயிற்றுவலிக்கு 38 வயது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மாதத்தில் அது தொடங்கியது. காலையில் சீருடை போட்டதும் தொப்புளைச் சுற்றிப் பிடித்து இழுக்கும். பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் கழிப்பறையைத் தேட வேண்டியிருக்கும். முதலில் வயிற்றுப் பூச்சி என்றார்கள். பிறகு குடலேற்றம் என்று சொல்லி விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டார்கள். ஓம வாட்டர் எத்தனை பாட்டில் குடித்திருப்பேன் என்று கணக்கில்லை. முப்பது வயதுக்குப் பிறகுதான் ஒரு குடல்நோய் மருத்துவர், தேவையான பரிசோதனைகளை எல்லாம் முடித்துவிட்டு, குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, குடல் அசையும் விதத்திலும் அந்த அசைவை மூளை உணரும் விதத்திலும்தான் கோளாறு என்று பொறுமையாக விளக்கினார்.

பிணைப்பு என்று உளவியலார் சொல்வது அன்பின் அளவை அல்ல. பயந்துபோன குழந்தை யாரிடம் ஓடுகிறது, ஓடினால் என்ன கிடைக்கும் என்று அது கற்று வைத்திருக்கிறது என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி இந்தக் கருத்தை வகுத்தார். அவரோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த் அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையைப் பழக்கமில்லாத அறையில் பொம்மைகளோடு விளையாட விட்டு, தாய் சில நிமிடங்கள் வெளியே போய்த் திரும்பும்போது அது என்ன செய்கிறது என்று கவனித்தார். சில குழந்தைகள் அழுதாலும் தாய் வந்து தூக்கியதும் அடங்கி விளையாட்டுக்குத் திரும்பின. இது பாதுகாப்பான பிணைப்பு. சில குழந்தைகள் தாயை இறுகப் பற்றிக்கொண்டே அவளை உதைத்தன, எதிலும் ஆறவில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட பதற்றப் பிணைப்பின் குழந்தைப் பருவ வடிவம் இதுதான். இன்னும் சில, தாய் போனதையும் வந்ததையும் பொருட்படுத்தாதவை போலப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது விலகும் பிணைப்பு.

ஓடிப் போனால் ஆறுதல் கிடைக்குமா கிடைக்காதா என்று உறுதியில்லாத குழந்தையின் உடல், காவலைத் தளர்த்துவதே இல்லை என்பது ஒரு விளக்கம். மன அழுத்தத்தின்போது சுரக்கும் அட்ரினலினும் கார்ட்டிசாலும் அடிக்கடி சுரக்கின்றன. குடலின் அசைவு மாறுகிறது, கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன, தூக்கம் கெடுகிறது. பல ஆண்டுகள் இப்படியே போனால் அது உடலின் வழக்கமாகிவிடலாம்.

என்னை எட்டு மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆச்சியிடம் (பாட்டியிடம்) விட்டுவிட்டு அம்மா தர்மபுரி மாவட்டத்துக்கு ஆசிரியை வேலைக்குப் போனார். மாதம் ஒருமுறை வருவார். என் வயிறு அங்கிருந்துதான் கெட்டது என்று நினைக்கிறேன். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: முடியும்.

8 ஜூலை 2024, இரவு

காலையில் எழுதியதில் மிக முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இரத்தசோகை, விடாத காய்ச்சல், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பிணைப்பைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் எடுத்ததாகச் சொன்னீர்கள். இரத்தப் பரிசோதனையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எடுத்தீர்களா?

10 ஜூலை 2024

கூருணர்வு என்ற சொல்லை வைத்து இந்த இழையில் எல்லாரும், நான் உட்பட, மூன்று வெவ்வேறு பொருள்களைக் கலந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

எயின்ஸ்வொர்த் பேசியது தாயின் கூருணர்வைப் பற்றி. குழந்தையின் குறிப்பைத் தாய் கவனிக்கிறாளா, அதைச் சரியாகப் புரிந்துகொள்கிறாளா, தாமதிக்காமல் பொருத்தமாக நடந்துகொள்கிறாளா என்பதே அவர் அளந்தது. இரண்டாவது, பிறவி இயல்பு. அமெரிக்க உளவியலார் எலைன் ஆரனும் ஆர்தர் ஆரனும் 1997-இல் 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். உரத்த ஓசை, கூசும் வெளிச்சம், பிறர் முகவாட்டம் ஆகியவை ஒருவரை எவ்வளவு தூரம் பாதிக்கின்றன என்று அது கேட்கிறது. உங்கள் ஆலோசகர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். 2006-இல் கிராண்ட் பென்ஹம் கல்லூரி மாணவர்களிடையே செய்த ஆய்வில், இந்த அளவுகோலில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் மன அழுத்தத்தையும் உடல் நோவுகளையும் கூடுதலாகச் சொன்னார்கள்.

மூன்றாவது, குடலின் கூருணர்வு. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 1973-இல் ரிட்சி என்ற ஆய்வாளர், பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு பலூனை வைத்து 60 மில்லி லிட்டர் அளவுக்கு ஊதிப் பார்த்தார். நலமாக இருந்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கு வலித்தது. என்னைப் போன்ற குடல் கோளாறு உள்ளவர்களில் 55 விழுக்காட்டினருக்கு வலித்தது. பலூன் ஒன்றுதான், காற்றின் அளவும் ஒன்றுதான். ஆகவே 'உனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்டோஸ்கோபி குடலின் உள்தோலைப் பார்க்கிறது. நரம்பின் கூர்மையைப் பார்ப்பதில்லை.

மூளையையும் வயிறு முதலான உறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. மூளை வயிற்றைக் கலக்குகிறது என்பதை மட்டுமே பேசுகிறோம். வயிறு மூளையைக் கலக்குவதும் அதே அளவு உண்மை.

11 ஜூலை 2024

'எனக்கு யார் மீதும் ஒட்டுதல் இல்லை, அதனால் எனக்கு இந்தத் தொல்லையும் இல்லை' என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். அவருக்காக இதை எழுதுகிறேன்.

எயின்ஸ்வொர்த்தின் அறையில் அழாமல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1977-இல் ஸ்ரூஃபும் வாட்டர்ஸும் அத்தகைய குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார்கள். முகத்தில் சலனமே இல்லை, கை பொம்மையில் இருக்கிறது, ஆனால் இதயம் அழுகிற குழந்தையின் இதயத்தைப் போலவே வேகமாகத் துடித்தது. பின்னர் ஜெர்மனியில் நடந்த ஆய்விலும் அழாத குழந்தைகளின் துடிப்பு உயர்ந்தது. ஒரு வயதுக்குள்ளேயே அந்தக் குழந்தை அழுகையை அடக்கக் கற்றுவிட்டது. இதயத்தை அடக்க அதனால் முடியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். 2016-இல் அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. வாயுப் பிடிப்பு என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சப் போய்விட்டார். மருத்துவமனையில் எப்போதிருந்து வலி என்று கேட்டபோது, இன்று காலையிலிருந்துதான் என்றார். நான்கு நாள் ஆயிற்று என்று அம்மா அழுதுகொண்டே சொல்லித்தான் மருத்துவருக்குத் தெரிந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வலியைச் சொல்வதால் ஏதாவது பயன் கிடைக்கும் என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவே இல்லை. அவர் மூன்று வயதில் தாயை இழந்தவர்.

அமெரிக்காவில் சீக்கானவ்ஸ்கி என்ற மருத்துவர் 2001-இல் 367 நீரிழிவு நோயாளிகளிடம் செய்த ஆய்வு என் அப்பாவுக்காகவே எழுதியது போல இருக்கிறது. பிறரைச் சார்வதைத் தவிர்க்கும் இயல்பினருள், மருத்துவர் தம்மிடம் சரியாகப் பேசுவதில்லை என்று உணர்ந்தவர்களின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1சி) சுமார் 8.5 விழுக்காடாக இருந்தது. அதே இயல்புடையவர்களில், மருத்துவர் நன்றாகப் பேசுகிறார் என்று உணர்ந்தவர்களுக்கு அது சுமார் 7.5. மருத்துவர் பேசும் விதத்தோடு சர்க்கரை இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நடக்கிறது.

11 ஜூலை 2024, சற்று நேரம் கழித்து

அதே மருத்துவர் 2002-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். பதற்றப் பிணைப்புள்ள பெண்களும், நெருங்கவும் ஆசைப்பட்டு நெருக்கத்துக்கு அஞ்சவும் செய்யும் பெண்களும் மற்றவர்களைவிடக் கூடுதலான நோவுகளைச் சொன்னார்கள். முதல் வகையினருக்கு மருத்துவச் செலவு எல்லாரையும்விட அதிகம். இரண்டாம் வகையினருக்கு எல்லாரையும்விடக் குறைவு. நோவு நிறைய, மருத்துவரிடம் போவது குறைவு. நம் வீடுகளில் இப்படி எத்தனை பெரியம்மாக்கள், அத்தைகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

13 ஜூலை 2024

என் நோய்க்குப் பெயர் என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்', அதாவது எரிச்சல் குடல் நோய். மருத்துவர்கள் சுருக்கமாக ஐ.பி.எஸ். என்பார்கள். அம்மா தெருவில் ஒருவரிடம் 'மகளுக்கு ஐ.பி.எஸ்.' என்று வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். அவர் மகிழ்ந்துபோய், எந்த மாவட்டத்தில் பணி போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாராம்.

15 ஜூலை 2024

'அப்படியென்றால் ஒரு வயதிலேயே எல்லாம் முடிந்துவிட்டதா' என்ற கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்திருக்கிறது. நான் 'முடியும்' என்று முதலில் எழுதியது அவசரப்பட்ட பதில். சான்றுகள் எவ்வளவு சொல்கின்றன என்று பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வறுமையில் வாழ்ந்த தாய்மாரின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடரும் நெடிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் 163 பேரின் பிணைப்பு 12, 18 மாதங்களில் அளக்கப்பட்டு, அவர்களுடைய உடல்நலம் 32 வயதில் கேட்டறியப்பட்டது. இரு முறையும் பாதுகாப்பற்ற பிணைப்புடன் காணப்பட்டவர்கள், பாதுகாப்பான பிணைப்புடன் இருந்தவர்களைவிடக் கூடுதலான நோய்களைச் சொன்னார்கள்; பதற்ற வகையினரிடம் அழற்சி தொடர்பான நோய்கள் மிகுதியாகக் காணப்பட்டன. 2013-இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு மனம் சரியில்லை. ஆனால் 163 என்பது சிறிய எண்ணிக்கை. நோய்களும் அவர்களே சொன்னவை. தொடர்பு தெரிகிறது என்பதற்கும் இதுதான் காரணம் என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

2010-இல் வந்த அமெரிக்க ஆய்வு 5,645 பேரைப் பார்த்தது. விலகும் இயல்பினரிடம் தலைவலி போன்ற வலி நோய்களும், பதற்ற இயல்பினரிடம் வலிகளோடு உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவையும் கூடுதலாகத் தெரிந்தன. எண்ணிக்கை பெரிது, ஆனால் பிணைப்பும் நோயும் ஒரே நேரத்தில் கேட்கப்பட்டதால் எது முன், எது பின் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நெடுநாள் நோயோடு வாழ்பவர், என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று அஞ்சத் தொடங்குவதும் நடக்கக்கூடியதுதானே.

பிணைப்பு மாறாத முத்திரையும் அல்ல. கடினமான குழந்தைப் பருவத்துக்குப் பின்னும் நல்ல துணையாலோ சிகிச்சையாலோ நட்பாலோ பாதுகாப்பான பிணைப்பை ஈட்டிக்கொண்டவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் தனியாகவே எழுதியிருக்கிறார்கள்.

20 ஜூலை 2024

கூருணர்வைக் குறையாகவே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஓர் ஆசிரியர் கண்டித்திருக்கிறார். அவர் சொல்வது சரி. குழந்தை மருத்துவர் தாமஸ் பாய்ஸ் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. சிறு சோதனைகளுக்கு இதயமும் நோய் எதிர்ப்பாற்றலும் மிகையாக எதிர்வினை காட்டிய பாலர் பள்ளி வயதுக் குழந்தைகளை அவர் கண்டறிந்தார். தொல்லை நிறைந்த சூழலில் அவர்களுக்குச் சளி, இருமல் போன்ற மூச்சுத்தொகுதி நோய்கள் மற்ற எல்லாக் குழந்தைகளையும்விட அதிகமாக வந்தன. அமைதியான சூழலிலோ, அதே இயல்புள்ள குழந்தைகளுக்கு அவை மற்ற எல்லாரையும்விடக் குறைவாக வந்தன. குறைவாக என்பதைக் கவனியுங்கள். மற்றவர்களுக்குச் சமமாக என்றுகூட இல்லை.

என் மகனும் இந்த வகைதான். சட்டைக் கழுத்துப் பட்டியில் இருக்கும் துணித்துண்டு உறுத்துகிறது என்று அழுவான். கடையில் எந்தச் சட்டை வாங்கினாலும் முதல் வேலையாக அதைக் கத்தரித்துவிடுகிறேன். என் ஆச்சியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

21 ஜூலை 2024

நேற்று ஆச்சி என்று எழுதிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது வேறொன்று.

நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு ஒருவர் தங்குவது வழக்கம். 'கூட யார் இருக்கிறார்கள்' என்பதுதான் சேர்க்கும்போது கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று. பிரிட்டனில் 1950-களில் நிலைமை வேறு. குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தால் பெற்றோர் வந்து பார்க்கக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. பௌல்பியின் உடன்பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தனியே சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்து 1952-இல் மருத்துவர்களுக்குக் காட்டினார். அவள் பெரிதாக அழவில்லை. தன் அழுகையை அடக்க முயன்றுகொண்டே இருந்தாள். பல மருத்துவர்கள் சினந்தார்கள். 1959-இல் அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

கூட ஒருவர் இருப்பது வெறும் ஆறுதல் மட்டுமல்ல. 2006-இல் ஜேம்ஸ் கோன் குழுவினர் மணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்து, மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று குறிப்புக் காட்டினார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அச்ச எதிர்வினை தணிந்தது. முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்தபோது அந்த அளவுக்குத் தணியவில்லை. இல்லறம் இனிதாக இருந்தவர்களிடம் தணிவு கூடுதலாக இருந்தது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்களுக்கு வேண்டிய ஒருவரை அழைத்துச் செல்லுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

4 ஆகஸ்ட் 2024

முதல் நாள் எழுதியதைத் திருத்துகிறேன். எழுதுவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அம்மா என்னை விட்டுப் போனதால் வயிறு கெட்டது என்று எழுதியிருந்தேன். ஆனால் வயிற்றுவலி எட்டு மாதத்தில் தொடங்கவில்லை. கிராமத்தில் இருந்த நான்கு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் எனக்கு வயிற்றுவலி வந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஐந்து வயதில், ஒன்றாம் வகுப்புக்காக அம்மா அப்பாவிடம் தர்மபுரிக்கு அழைத்துவரப்பட்ட மாதத்தில்தான் அது தொடங்கியது. நான் பிரிந்தது ஆச்சியை. எல்லாரும் 'அம்மாவிடம் வந்துவிட்டாயே' என்று மகிழ்ந்தார்கள். ஆகவே அதை ஓர் இழப்பு என்று சொல்ல எனக்கு இடமே இருக்கவில்லை. ஆச்சியின் முந்தானை வாசம் வேண்டும் என்று ஐந்து வயதுக் குழந்தை எப்படிச் சொல்லும்? வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்லும்.

பௌல்பியே உயர்குடி வழக்கப்படி தாதியரால் வளர்க்கப்பட்டவர். அவருக்கு மிகவும் வேண்டிய தாதி அவருடைய நான்கு வயதளவில் வீட்டைவிட்டுப் போய்விட்டார், அந்த இழப்பை அவர் பிற்காலத்திலும் மறக்கவில்லை. எயின்ஸ்வொர்த்தும் தம் கருத்துகளை ஆய்வறையில் கண்டெடுக்கவில்லை. 1954-55-இல் உகாண்டாவில் கம்பாலாவுக்கு அருகிலுள்ள ஊர்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கவனித்தார். பலர் சேர்ந்து குழந்தையை வளர்த்த வீடுகள் அவை. குழந்தை ஒருவரோடு மட்டுமே பிணைய முடியும் என்று இவர்கள் இருவரும் சொல்லவில்லை. ஆச்சியும் அம்மாவும் இருவருமே எனக்குத் தாயாக இருந்திருக்கலாம், பிரிவைக் கொஞ்சம் பக்குவமாகச் செய்திருந்தால். விடுமுறைக்குக்கூட ஓராண்டு என்னை ஊருக்கு அனுப்பவில்லை. போனால் திரும்ப வரமாட்டேன் என்று பயந்தார்களாம்.

18 ஆகஸ்ட் 2024

நேற்று அம்மாவிடம் இதைப் பேசினேன். குற்றம் சொல்வதாக நினைத்துவிடுவாரோ என்று அஞ்சி, ஆச்சியைப் பற்றிக் கேட்பதுபோலத் தொடங்கினேன். அம்மா கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிறகு அவராகவே சொன்னார். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்தில், மதுரை வருவதற்குள் அவருக்கு வயிறு கலங்கிவிடுமாம். ஆகவே கிளம்பும் நாளில் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் பேருந்து ஏறுவாராம். நான்கு ஆண்டுக்கு மேலாக, ஒவ்வொரு மாதமும். 'உனக்கு வயிறு வலித்தபோது என் வயிறுதான் உனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன், அதனால்தான் மருந்தே கொடுத்துக்கொண்டிருந்தேன்' என்றார்.

எங்கள் இருவரில் யாருடைய பிணைப்பு எந்த வகை என்று எழுதும் ஆசை எனக்குப் போய்விட்டது.

19 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்ட தங்கை இன்று எழுதியிருக்கிறார். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்திருக்கிறது, இரத்தசோகைதான். உடலில் இரும்புச்சத்தின் இருப்பும் மிகக் குறைவாம். நான்கு ஆண்டில் யாரும் இதைப் பார்க்கவில்லை. தலைவலியில் ஒரு பங்காவது இதனால் இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரத்தம் எங்கே குறைகிறது என்றும் தேடப்போகிறார்.

தங்கையே, அந்தத் தேடலை முழுவதும் முடித்துவிடுங்கள், பாதியில் விடாதீர்கள். ஆலோசகரிடம் போவதையும் நிறுத்த வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடோ காப்பியோடோ விழுங்காதீர்கள், சத்து உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளலாம். வயிற்றைப் புரட்டினால் நீங்களாக நிறுத்திவிடாமல், உணவுக்குப் பின் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். ஆனால் தார்போல ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தால் அன்றே போய்க் காட்டுங்கள்.